லோக்தாக் ஏரி: நீரின் தரமும் மீன் வகைகளும்

லோக்தாக் ஏரி மணிப்பூர் மாநிலத்தில் உள்ள நன்னீர் ஏரியாகும். வடகிழக்கு இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இதுவே. தலைநகர் இம்பாலுக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மொய்ராங் நகரை ஒட்டி அமைந்துள்ளது. 1990ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது இதன் பரப்பு 26,600 எக்டேர் எனப் பதிவு செய்யப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1993இல், சீர்கெட்டு வரும் ஈரநிலங்களுக்கான மாந்திரூ பதிவேட்டிலும் இதன் பெயர் ஏறியது. அந்தப் பதிவேட்டிலிருந்து அது இன்னும் நீக்கப்படவில்லை.

ஏரிகளின் சீர்கேட்டைப் பற்றிப் பேசும்போது சாக்கடையும் உரமும் குப்பையும்தான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். லோக்தாக்கின் வரலாற்றில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது: ஏரி நீரின் ஏற்ற இறக்கம் நின்றது. நீரின் தரமும் மீன் வகைகளும் மாறிய விதத்தைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏரியும் ஆறுகளும்

மெய்தேய் மொழியில் 'லோக்' என்றால் ஓடை, 'தாக்' என்றால் முடிவு. ஓடைகள் வந்து முடியும் இடம் என்பது பெயரின் பொருள். மலைகளால் சூழப்பட்ட மணிப்பூர்ப் பள்ளத்தாக்கின் தாழ்வான தென்பகுதியில் ஏரி கிடக்கிறது. மேற்கு மலைகளிலிருந்து வரும் ஓடைகள் நேரடியாக இதில் விழுகின்றன. இம்பால் நகரின் ஊடாக ஓடிவரும் நம்புல் ஆறும் இங்கேயே சேர்கிறது.

பள்ளத்தாக்கின் முதன்மை ஆறான மணிப்பூர் ஆறு ஏரிக்குக் கிழக்கே ஓடுகிறது. ஏரியையும் ஆற்றையும் கோர்டாக் என்னும் கால்வாய் இணைக்கிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வெள்ளம் இக்கால்வாய் வழியே ஏரிக்குள் புகும். மழை ஓய்ந்து ஆறு வடிந்ததும் அதே கால்வாய் வழியே ஏரி நீர் ஆற்றுக்குத் திரும்பும். ஒரே வாய்க்கால் வரத்தாகவும் போக்காகவும் இருந்தது. ஆண்டுதோறும் ஏரி விரிந்தது, சுருங்கியது. நீர் வடிந்த கரையோர நிலங்களில் மக்கள் நெல் பயிரிட்டனர், மாடு மேய்த்தனர்.

மணிப்பூர் ஆறு தெற்கே மியான்மருக்குள் சென்று சிந்துவின் ஆற்றுத் தொகுதியில் கலக்கிறது. சிந்துவின் ஐராவதியில் சேர்கிறது. ஆகவே லோக்தாக் இந்திய மண்ணில் இருந்தாலும் ஐராவதிப் படுகையைச் சேர்ந்த ஏரியாகும். கங்கை, பிரம்மபுத்திரா ஏரிகளில் காணப்படும் மீன்களிலிருந்து இதன் மீன்கள் வேறுபட்டிருந்ததற்கு இதுவே காரணம்.

மிதக்கும் நிலம்

லோக்தாக்கின் தனித்தன்மை 'பும்தி' எனப்படும் மிதவைத் திட்டுகள். நீர்த்தாவரங்கள், அவற்றின் வேர்கள், மட்கிய இலைதழைகள், மண் ஆகியவை பின்னிப் பிணைந்து உருவான படுகைகள் இவை. சில அங்குலக் கனம் முதல் ஏறத்தாழ 2 மீட்டர் கனம் வரை இருக்கும். கனத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். மிச்சம் நீருக்குள் அமிழ்ந்திருக்கும்.

ஏரியின் தென்கிழக்கு மூலையில் பும்தி பரந்து கிடக்கும் பகுதியே கெய்புல் லாம்ஜாவ் தேசியப் பூங்கா. 1977இல் அறிவிக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பு 40 சதுர கிலோமீட்டர். உலகின் ஒரே மிதக்கும் தேசியப் பூங்கா என்று இது அழைக்கப்படுகிறது. அழிந்துபோனதாகக் கருதப்பட்டு 1953இல் மீண்டும் கண்டறியப்பட்ட சங்காய் மானுக்கு இயற்கையான இருப்பிடம் இது ஒன்றே. 1975இல் எடுத்த கணக்கில் 14 மான்களே இருந்தன. 2016இல் அந்த எண்ணிக்கை 260 ஆக உயர்ந்தது.

பும்தி உயிர்ப்புடன் இருக்க ஏரியின் ஏற்ற இறக்கம் தேவை. மழைக்காலத்தில் அது மிதக்கும். மழையற்ற மாதங்களில் நீர் வடியும்போது தரையில் போய் அமரும். அப்போது அதன் தாவரங்கள் ஏரித் தரையில் வேர் ஊன்றிச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த மழையில் மீண்டும் எழும். ஆண்டுக்கு ஒரு முறை தரையில் இறங்கி உண்டு திரும்பும் வாழ்க்கை என்று இதனைச் சொல்லலாம். முதிர்ந்து உதிர்ந்த பும்தித் துண்டுகள் வடியும் நீரோடு கோர்டாக் வழியே ஆற்றுக்குப் போய்விடும். இவ்வாறு ஏரி தன்னைத்தானே கழுவிக்கொண்டது.

மீன்களைப் பற்றிய பழைய பதிவு

மணிப்பூர் மீன்களை அறிவியல் முறையில் விரிவாக எழுதியவர்களுள் முன்னோடி சுந்தர் லால் ஹோரா. பின்னாளில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த இவர், மணிப்பூரின் மீன்களையும் மீன்பிடிப்பையும் குறித்து எழுதிய கட்டுரை 1921ஆம் ஆண்டு இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் வெளியானது. கதவணைக்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஏரியையும் ஆறுகளையும் பற்றி அறிய அக்கட்டுரை ஓர் அடிப்படை ஆவணமாகும்.

அன்றைய மீன்களை அவற்றின் வாழ்க்கை முறைப்படி இரு கூட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, ஆண்டு முழுவதும் ஏரியிலேயே வாழ்பவை. விரால், குறவை இனங்கள், பனையேறிக் கெண்டை, தேளி, சிறு கெண்டைகள் போன்றவை இவற்றுள் அடங்கும். இரண்டாவது, வலசை மீன்கள். மழைக்காலத்தில் மணிப்பூர் ஆற்றின் வெள்ளத்தை எதிர்த்து ஏறி, கோர்டாக் வழியே ஏரிக்குள் நுழைந்தவை இவை. மீனுக்கு மெய்தேய் மொழியிலும் பர்மிய மொழியிலும் 'ஙா' என்றே பெயர். ஒரே ஆற்றுத் தொகுதியில் மேலும் கீழும் சென்றுவந்த மீன்களுக்கு இரு நாட்டிலும் பெயர் ஒன்றாக இருந்தது பொருத்தமே.

வலசை மீன்களுள் பெயர் பெற்றது பெங்பா. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வெள்ளி நிற மீனின் அறிவியல் பெயர் ஆஸ்டியோபிராமா பெலாங்கேரி. மணிப்பூர், மியான்மர், சீனாவின் யுன்னான் ஆகிய பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. நீர்த்தாவரங்களை விரும்பி உண்பது. சுவையால் மணிப்பூர் மக்களின் முதல் விருப்பமாக இருந்த இம்மீன், இன்று அம்மாநிலத்தின் மாநில மீனாகும். காபாக், ஙாதோன் ஆகியவையும் வலசை மீன்களே.

மீன் மணிப்பூர் வாழ்க்கையோடு ஒட்டியது. கல்யாணமாகிப் போன பெண்களைப் பிறந்த வீட்டார் அழைத்து விருந்து படைக்கும் நிங்கோல் சாக்கௌபா திருநாளில் மீன்தான் முதன்மைப் பண்டம். அத்திருநாளுக்கு முன் இம்பாலில் மீன் சந்தை கூட்டப்படுகிறது. சிறு கெண்டையை உலர்த்திப் புளிக்கவைத்துச் செய்யும் 'ஙாரி' அன்றாடச் சமையலில் இடம்பெறுகிறது. பெண்களே வணிகம் செய்யும் இம்பாலின் பெரிய அங்காடியான இமா கெய்தேலில் மீன் விற்போரும் பெண்களே.

இத்தாய் கதவணை, 1983

மணிப்பூர் ஆற்றின் குறுக்கே, ஏரிக்குக் கீழ்ப்புறத்தில், இத்தாய் என்னுமிடத்தில் கதவணை கட்டப்பட்டது. 1983இல் செயல்படத் தொடங்கிய லோக்தாக் நீர்மின் திட்டத்தின் பகுதி அது. தேசிய நீர்மின் கழகம் நடத்தும் இத்திட்டத்தின் திறன் 105 மெகாவாட். கதவுகளை அடைத்து ஆற்று நீரை ஏரிக்குள் தேக்குவதும், தேக்கிய நீரை மேற்கு மலைக்கு அடியில் சுரங்கம் வழியே கொண்டுசென்று மின்சாரம் எடுப்பதும் திட்டத்தின் செயல்முறை. அந்த நீர் மின் நிலையத்திலிருந்து லெய்மாதாக் ஆற்றில் விழுந்து பராக் படுகைக்குச் செல்கிறது. ஐராவதிக்குப் போக வேண்டிய நீர் இவ்வாறு வேறொரு படுகைக்குத் திருப்பப்பட்டது.

திட்டத்தால் நன்மை இல்லை என்று கூற முடியாது. மணிப்பூருக்கும் அண்டை மாநிலங்களுக்கும் மின்சாரம் கிடைத்தது. ஏற்றுப் பாசனத்துக்கும் நீர் ஒதுக்கப்பட்டது. ஆனால் மின் உற்பத்திக்கு ஏரி ஆண்டு முழுவதும் நிறைந்திருக்க வேண்டும். ஏரியின் மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 768.5 மீட்டர் என்ற உயரத்தை ஒட்டியே வைக்கப்பட்டது. விரிந்து சுருங்கிய இயற்கை ஏரி, எப்போதும் நிறைந்த நீர்த்தேக்கமாக மாறியது. நீர் வடிந்தபின் பயிர் செய்துவந்த கரையோர நிலங்கள் நிலையாக மூழ்கின. உழவுத் தொழிலை இழந்த குடும்பங்கள் பல மீன்பிடிப்புக்கு வந்தன. மீன் குறையத் தொடங்கிய காலத்தில் மீனவர் தொகை கூடியது.

நீரின் தரம் எவ்வாறு மாறியது?

மீனும் மூச்சுவிடுகிறது. பெரும்பாலான மீன்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செவுள்கள் வழியே எடுத்துக்கொள்கின்றன. மீன்வளத்துக்கும் காட்டுயிர்களுக்கும் ஏற்ற நீரில், ஒரு லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். கார அமிலத்தன்மை 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும். தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

லோக்தாக்கில் ஆக்சிஜனைக் குறைக்கும் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

முதலாவது, பும்தி. நீர் வடியாததால் அது தரையில் அமர முடியவில்லை. உதிர்ந்த துண்டுகள் வெளியேறவும் வழியில்லை. அவை ஏரியிலேயே தங்கிப் புதிய இடங்களில் பரவின. பும்தி மூடிய இடத்தில் வெயில் நீருக்குள் இறங்காது. ஆகவே நீருக்குள் இருக்கும் பாசிகளும் தாவரங்களும் ஆக்சிஜன் உண்டாக்க முடியாது. காற்று நீரைத் தொடாததால் அந்த வழியும் அடைபடுகிறது. அடியில் விழும் இலைதழைகளை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகளோ இருக்கும் ஆக்சிஜனையும் செலவழிக்கின்றன.

இரண்டாவது, நம்புல் ஆறு. இம்பால் வளர வளர நகரின் கழிவுநீரையும் குப்பையையும் இந்த ஆறு ஏரிக்குச் சுமந்து வந்தது. முன்பும் ஓரளவு கழிவு வந்தது. அன்று வெள்ளம் அதைக் கரைத்து வெளியே தள்ளியது. இன்று வந்தது வந்த இடத்திலேயே படிகிறது.

மூன்றாவது, மலைச் சரிவுகளில் காடு அழிந்ததால் வரும் வண்டலும், வயல்களிலிருந்து வரும் உரச் சத்தும். நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்த நீரில் ஆகாயத்தாமரை போன்ற களைகள் செழித்தன. அவை மடிந்து மட்கும்போது மீண்டும் ஆக்சிஜன் குறைகிறது. இதனை மிகையூட்டம் என்பர்.

இம்மூன்றில் இரண்டாவதும் மூன்றாவதும் இந்தியாவின் பல ஏரிகளுக்குப் பொதுவானவை. முதலாவது லோக்தாக்குக்கே உரியது. நிற்கும் நீர் மற்ற இரண்டின் தீமையையும் பெருக்கிவிட்டது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. ஏரி முழுவதும் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காற்றும் அலையும் உள்ள நடு ஏரியின் நீரும், பும்திக்கு அடியிலோ நம்புல் முகத்துவாரத்திலோ உள்ள நீரும் ஒன்றல்ல.

தேசியப் பூங்காவிலும் இதன் விளைவு தெரிந்தது. தரையிலிருந்து சத்துப் பெற முடியாத பும்தி மெலிந்தது. மானின் எடையைத் தாங்கும் கனமான திட்டுகள் குறைந்தன.

மீன் வகைகளில் நேர்ந்த மாற்றம்

வலசை மீன்களின் இழப்பு நீர் கெட்டதால் நேர்ந்தது அன்று. கதவணை அவற்றின் வழியை அடைத்தது. ஆற்றில் ஏறிவந்த பெங்பாவும் மற்ற வலசை மீன்களும் ஏரியை அடைய முடியாமல் போயின. அணையால் உள்நாட்டு மீன் இனங்கள் சில ஏரியிலிருந்து மறைந்துவிட்டன என்று ராம்சார் உடன்படிக்கையின் விவரக்குறிப்பே கூறுகிறது. இயற்கை நீர்நிலைகளில் பெங்பா மறைந்துபோனதாக 1990களில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

நீரின் தரம் குறைந்தது ஏரியிலேயே வாழும் மீன்களைப் பாதித்தது. ஆனால் எல்லா மீன்களையும் ஒரே விதமாக அன்று. விரால், குறவை, பனையேறிக் கெண்டை, தேளி ஆகியவற்றுக்குச் செவுள்களோடு காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் அவை மேலே வந்து காற்றைக் குடித்து உயிர் வாழும். செவுளை மட்டும் நம்பியுள்ள மீன்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு நீர்நிலையில் மீன் இருக்கிறதா என்று கேட்பது போதாது. எந்த மீன் இருக்கிறது என்று கேட்க வேண்டும். காற்றைக் குடிக்கும் மீன்கள் மட்டுமே மிஞ்சும் நீர், சேதி சொல்லும் நீராகும்.

குறைந்துபோன மீன்வளத்தை ஈடுசெய்ய ரோகு, கட்லா, மிர்கால், புல் கெண்டை, சாதாக் கெண்டை போன்றவற்றின் குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. இதனால் வலையில் மீன் விழுந்தது. ஆனால் எடை வேறு, வகை வேறு. பத்து வகை மீன்கள் தந்த நூறு கிலோவும், மூன்று வகை மீன்கள் தரும் நூறு கிலோவும் தராசில் ஒன்றே. ஏரியின் நலத்தில் ஒன்றல்ல. வெளியிலிருந்து விடப்படும் குஞ்சுகளை நம்பியிருக்கும் மீன்பிடிப்பு, குஞ்சு விடாத ஆண்டில் தளர்ந்துவிடும்.

சட்டமும் மீனவரும்

ஏரியைக் காக்க 1986இல் லோக்தாக் வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. 2006இல் மணிப்பூர் லோக்தாக் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஏரியை மையப் பகுதி, சுற்றுப் பகுதி எனப் பிரித்து, மையப் பகுதியில் 'அத்தாபும்' மீன்பிடிப்பையும் மிதக்கும் குடிசைகளையும் இச்சட்டம் தடைசெய்தது.

அத்தாபும் என்பது பும்தியை வட்டமாகக் கட்டிவைத்து, உள்ளே ஒதுங்கும் மீன்களைச் சேர்த்துப் பிடிக்கும் முறை. பும்தியின் மேல் கட்டிய குடிசை பும்சாங் எனப்படும். இந்த வட்டங்கள் பெருகியதால் பும்தி தேங்குகிறது, நீரோட்டம் தடைபடுகிறது, குடிசைக் கழிவு ஏரியில் கலக்கிறது என்பது அரசுத் தரப்பின் வாதம். தங்கள் நிலத்தை மூழ்கடித்த பிறகே பலர் ஏரியின் மேல் குடியேறினர் என்பதும், பும்தி தேங்கக் காரணம் அடைத்த கதவுகளே என்பதும் மீனவர் தரப்பின் வாதம். 2011 நவம்பரில் நூற்றுக்கணக்கான மிதக்கும் குடிசைகள் அகற்றி எரிக்கப்பட்டன. அந்நிகழ்வு நாடெங்கும் பேசப்பட்டது.

இயந்திரங்களைக் கொண்டு பும்தியை வெட்டி அகற்றும் பணியும் பெரிய அளவில் நடைபெற்றது. வெட்டியெடுத்தால் நீர்ப்பரப்பு திறக்கும் என்பது உண்மை. ஆனால் பும்தியை இயற்கையாக வெளியேற்றிய ஏற்ற இறக்கம் திரும்பாதவரை அது மீண்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். இத்தாய் கதவணையை அகற்ற வேண்டும் என்றும், குறைந்தது மழைக்காலத்தில் கதவுகளைத் திறந்துவைக்க வேண்டும் என்றும் மணிப்பூரில் நீண்ட காலமாகக் கோரிக்கை எழுந்து வருகிறது.

சில்கா காட்டும் வழி

நீரின் போக்கைத் திருத்தினால் மீன் திரும்புமா என்ற கேள்விக்கு ஒடிசாவின் சில்கா ஏரி ஒரு விடை தருகிறது. சில்கா உவர்நீர் ஏரி. லோக்தாக்கோடு எல்லாவற்றிலும் ஒப்பிட முடியாது. ஆனால் நோயின் தன்மை ஒத்தது. கடலோடு இணைக்கும் முகத்துவாரம் வண்டலால் தூர்ந்து, உவர்ப்புக் குறைந்து, களை பெருகி, மீன் வரத்துக் குறைந்தது. சில்காவும் 1993இல் மாந்திரூ பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே மீன்பிடிப்பு பல மடங்கு உயர்ந்தது. 2002இல் சில்கா பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து அப்பதிவேட்டில் இன்று எஞ்சியிருப்பவை ராஜஸ்தானின் கேவலாதேவ் பூங்காவும் லோக்தாக்கும்தான்.

பெங்பாவின் இன்றைய நிலை

பெங்பா முற்றிலும் அழிந்துவிடவில்லை. மணிப்பூரில் மீன்வளர்ப்போர் குளங்களில் அதனை வளர்க்கின்றனர். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்திலும் தூண்டல் முறையில் இனப்பெருக்கம் செய்யப்பட்டுக் குஞ்சுகள் பெறப்பட்டன. திருநாள் சந்தையில் பெங்பா இன்றும் விற்பனைக்கு வருகிறது.

எனினும் குளத்துப் பெங்பாவும் ஆற்றுப் பெங்பாவும் ஒரே நிலையில் இல்லை. குளத்தில் அதன் இனப்பெருக்கம் மனிதர் தரும் ஊசியையும் ஊட்டத்தையும் பொறுத்தது. ஆற்றில் அது வெள்ளத்தின் குறிப்பறிந்து, நாடு கடந்து, தானே ஏறிவந்தது. குஞ்சுகளை ஏரியில் விட்டால் எண்ணிக்கை கூடலாம். அவை ஆற்றுக்குப் போய்த் திரும்புவதற்கு வழி திறந்திருந்தால் மட்டுமே அது வலசை மீனாகும்.

லோக்தாக்கில் கழிவுநீரைச் சுத்திகரித்தல், மலைக்காடுகளைக் காத்தல், களையை அகற்றுதல் ஆகிய மூன்றும் தேவையான பணிகள். இவற்றோடு நீர் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை ஓரளவேனும் மீட்டெடுப்பதும் மீன்களுக்கு வழிவிடுவதும் சேர வேண்டும். ஒரு நீர்நிலையின் தரத்தை ஆராய்வோர் ஒரு குப்பி நீரை எடுத்து அதில் கரைந்திருப்பவற்றை அளக்கின்றனர். அந்த நீர் எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் நிற்கிறது, எந்த வழியே வெளியேறுகிறது என்பவற்றையும் சேர்த்து அளந்தால்தான் கணக்கு முழுமை பெறும்.